ஒரு கிலோவுக்கு

கோத்தகிரியில் மூன்று நாளாக எதிர்மலை இல்லை.
பால்காரர் குரலாக வருகிறார்,
குரலாகவே போகிறார்.
மேசைமேல் இரண்டு டப்பா.
இரண்டிலும் அதே பல்லி, அதே பச்சை மூடி.
ஒன்றில் டி3 உண்டு, மற்றதில் இல்லை.
அந்த வித்தியாசத்தை மட்டும்
எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபமில்லை.
தேயிலைப் பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கிறவள் நான்.
'பறித்த அன்றே பதமிட்டது' என்பதை முகப்பிலும்
தூள் எத்தனை சதவீதம் என்பதை மடிப்புக்குள்ளும்
வைத்துப் பழகிய கை.
எந்த லேபிளையும் மடிப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

கட்டபெட்டுப் பக்கம் ரிசார்ட்டை மூடியபோது
மேனேஜர் கூண்டோடு விட்டுப்போன இகுவானா.
எதைக் கேட்டாலும் அசையாததால்
தாசில்தார் என்று பெயர் வைத்தேன்.
போன மாதம் அவர் பின்காலில் ஒரு நடுக்கம்.
தாடையைத் தொட்டால் ரப்பர்போல
கொஞ்சம் உள்ளே போனது.

கால்நடை டாக்டர் போஜராஜ் போனில் சொன்னார்:
"கன்று போட்ட பசு எழுந்திருக்கலைன்னா
கால்சியம் ஏத்துவேன், எழுந்துடும்.
இது எனக்குப் புதுசு. ஆனா எலும்பு எலும்புதான்.
பாஸ்பரஸைப் பாரும்மா.
திங்கறதுல அது ஒரு பங்குன்னா
கால்சியம் ரெண்டு பங்காவது வேணும்.
இல்லேன்னா உடம்பு எலும்புகிட்டயே கடன் வாங்கும்."

பார்த்தேன்.
கால்சியம், குறைந்தது முப்பத்தைந்து சதவீதம், அதிகம் நாற்பது.
(இடையில் உள்ள ஐந்து அவர்கள் வக்கீலுக்கு.)
பாஸ்பரஸ், இல்லை.
டி3, இருபத்திரண்டாயிரம் யூனிட்.

டப்பாவை மூடிவிட்டேன்.
ஒன்றரைக் கிலோ உடம்புக்கு இருபத்திரண்டாயிரமா?
நடுராத்திரி எழுந்து விளக்கைப் போட்டபோதுதான்
எண்ணுக்குப் பின்னால் வால் தெரிந்தது:
ஒரு கிலோவுக்கு.

யாருக்கு வேண்டும் ஒரு கிலோ?
டப்பாவில் இருப்பதே தொண்ணூறு கிராம்.
மறுநாள் பேக்டரியில்
சாம்பிள் தராசு சும்மா இருந்த நேரம்
பத்து சிட்டிகை போட்டேன். ஒரு கிராம்.
அப்படியானால் சிட்டிகைக்கு
இரண்டேகால் யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு.
என் மூட்டுவலிக்கு டாக்டர் எழுதிய பொட்டலத்தில்
வாரத்துக்கு அறுபதாயிரம்.
இந்த ஊரில் வெயில் பொட்டலத்தில்தான் வருகிறது,
எனக்கும் தாசில்தாருக்கும்.

இன்னொரு வரி பாக்கி.
இறக்குமதி செய்தவர் ஸ்டிக்கர்,
விலை, விலாசம், புகார் நம்பர் எல்லாம் சுமந்துகொண்டு
சரியாக வைட்டமின் ஏ மேல் குந்தியிருந்தது.
கெட்டில் ஆவியில் காட்டி உரித்தேன்.
பாதி வரி ஸ்டிக்கரோடு போய்விட்டது.
பீட்டா கரோட்டின் என்றால்
உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும்.
ரெட்டினால் என்றால்
வாடகை தராத ஆள்போல ஈரலில் தங்கிவிடும்.
மிஞ்சியிருந்தது கடைசி எழுத்து மட்டும்.
எல்.
அந்த டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றினேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு
மலை திரும்பி வந்தது.
கண்ணாடி பாதி வெயிலைத் தின்றுவிடும் என்று
ஜன்னலை முழுக்கத் திறந்தேன்.
தாசில்தார் ஒரு கண்ணை மூடினார்.
நானும் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு
பக்கத்தில் நின்றேன்.
பதினைந்து நிமிஷம் இருக்கும்.
பிறகு பால்காரர் வீடு மறைந்தது, எங்கள் வேலி மறைந்தது.

அடுத்த வாரம் நான் சேலம் போகிறேன்.
பார்த்துக்கொள்ளப் போகிறவள் ரெஜினா.
ஒரு லேபிள் எழுதி டப்பாவில் ஒட்டினேன்,
பெரிய எழுத்தில், மடிப்பில்லாமல்:
முருங்கைக்கீரை மேல் தினம் ஒரு சிட்டிகை, டி3 இல்லாதது.
மேல்தட்டு டப்பா ஞாயிறு மட்டும்.
பல்பு எரிகிறது என்று நம்பாதே,
ஆறு மாதத்தில் வெளிச்சம் இருக்கும், சத்து இருக்காது.

ஒட்டிய பிறகு ஞாபகம் வந்தது
ரெஜினாவின் விரல்.
கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தடித்த விரல்.
பேனாவை எடுத்து
சிட்டிகைக்கு மேலே செருகினேன்:
என்னுடைய.